முதல் கோடையைத் தாண்டும் கோகோ கன்று: விதையிலிருந்து தோப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் வாங்கிய கோகோ கன்றுகள் இரண்டரை அடி உயரம் இருந்தன. கை அகலத்துக்கு இலை, கரும்பச்சை நிறம், பார்க்கவே அழகு. நாற்றங்காலில் குட்டையாக நின்ற கன்றுகளை ஒதுக்கிவிட்டு, உயரமானதாகப் பார்த்து நானே பொறுக்கி எடுத்தேன். ஐப்பசியில் தென்னைக்கு நடுவே நட்டேன். மாசி முடிவதற்குள் இலை ஓரங்கள் கருகின, பங்குனியில் நுனி காய்ந்தது, சித்திரையில் எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் போய்விட்டன. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து செத்த கன்று ஒன்றை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். சிரமமே இல்லாமல் வந்தது. நட்டு ஆறு மாதம் ஆகியும் வேர் அந்தப் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. "ஏந் தம்பி, நீ வாங்குனது கோகோக் கன்னா, இல்ல கீரைத்தண்டா?" என்றார்.

அன்றிலிருந்து நானே விதை போட்டுக் கன்று வளர்க்கிறேன். கோகோ கன்று முதல் கோடையைத் தாங்குமா தாங்காதா என்பது தோப்பில் முடிவாவதில்லை, நாற்றங்காலில் அது இருக்கும் ஐந்தாறு மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது. நிழல், தண்ணீர், தழைச்சத்து (நைட்ரஜன்) மூன்றையும் தாராளமாகக் கொடுத்தால் கன்று உயரும். ஆனால் வெயிலையும் காற்றையும் தாங்குவதற்கு உயரம் உதவாது. கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்கை எப்படிச் சரி செய்வது என்பதுதான். ஆனைமலை, பொள்ளாச்சி பக்கத்துத் தென்னந்தோப்பை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் மாதத்தையும் மழையையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

2024இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிய பிறகு கன்று வாங்க ஓடியவர்கள் நிறையப் பேர். விலை ஏறும், இறங்கும். இந்த மரம் நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1798இலேயே அம்போய்னா தீவிலிருந்து வந்த எட்டுக் கன்றுகளைக் குற்றாலத்தில் நட்டிருக்கிறார்கள். இந்தியாவில் கோகோ நுழைந்த இடமே அதுதான். சரி, வேலைக்கு வருவோம்.

இந்தச் செடி எங்கே பிறந்தது?

அமேசான் காட்டின் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்து பழகிய மரம் கோகோ. உச்சி வெயிலில் கால் பங்கு வெளிச்சம் கிடைத்தாலே அதன் இலை ஏறக்குறைய முழு வேகத்தில் உணவு தயாரித்துவிடும். அதற்கு மேல் விழும் வெயில் இளங்கன்றுக்கு வரவு இல்லை, செலவுதான். 18 முதல் 32 டிகிரி வரை வெப்பம், வருடத்துக்கு 1250 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் பரவிப் பெய்ய வேண்டும். இதுதான் அது விரும்புவது. நம் பகுதியில் பங்குனி, சித்திரையில் வெப்பம் அதைத் தாண்டும், மழையோ அந்த ஒழுங்கில் வராது. ஆகவே பாசனமும் தென்னை நிழலும் இல்லாமல் இங்கே கோகோ இல்லை.

இன்னொரு குணத்தையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பல இடத்தில் தேவைப்படும். கோகோ விட்டு விட்டு வளரும். கொஞ்ச நாள் சிவந்த கொழுந்தாக இலைகளைத் தள்ளும், அப்புறம் நிற்கும். கொழுந்து விடும்போது சத்தெல்லாம் மேலே போவதால் வேர் மெதுவாகிவிடும். இலை முற்றி, மேலே ஒன்றும் நடக்காதது போலத் தெரியும் நாட்களில்தான் வேர் ஓடும். "கன்று நின்று போச்சு" என்று அந்த நேரத்தில் யூரியா போடுவது வேரின் முறையைப் பறிப்பதற்குச் சமம்.

1. விதை

கோகோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத மரம் என்று பொதுவாகச் சொல்லலாம். பெரும்பாலான மரங்களில் வேறு மரத்து மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தின் காயை எடுத்து விதைத்தால் அதே மரம் வராது, அப்பன் யாரென்று தெரியாத பிள்ளைதான் வரும். இதனால்தான் தேர்ந்த ரகங்களைக் கலந்து நட்ட விதைத் தோட்டத்தின் காயை வாங்கச் சொல்கிறார்கள். திருச்சூர் பக்கம் வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம், காசர்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விட்டல் மையம் ஆகிய இரண்டும் நமக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பகமான இடங்கள்.

விட்டலில் வறட்சி தாங்கும் வகைகளைத் தேடிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். தாங்கிய செடிகளில் தெரிந்தது: இலை சற்றுத் தடிப்பு, மேலே மெழுகுப் பூச்சு அதிகம், தண்ணீர் குறைந்தவுடன் இலைத்துளைகளைச் சட்டென்று மூடிக்கொள்ளும் திறமை. அங்கே போனால் "காய்ப்பு அதிகமானது எது" என்று மட்டும் கேட்காமல், "தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு எது" என்றும் கேளுங்கள்.

தெரிந்தவர் தோட்டத்திலிருந்துதான் விதை எடுக்க முடியும் என்றால் இப்படிப் பாருங்கள். காய் 350 கிராமுக்குக் குறையக் கூடாது. தோடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. உள்ளே 35 விதையாவது இருக்க வேண்டும், காய்ந்தபின் ஒரு விதை ஒரு கிராமுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஒரே மரத்துக் காயாக இல்லாமல் பல மரத்தில் எடுங்கள்.

நெல், உளுந்து போல இதைக் காயவைத்து டப்பாவில் எடுத்து வைக்க முடியாது. கோகோ விதை காய்ந்தால் செத்தது, குளிர்பெட்டியில் வைத்தாலும் செத்தது. காயை உடைத்த அன்றோ மறுநாளோ விதைப்பதே நல்லது. ஒரு வாரம் போனால் முளைப்பை நம்ப முடியாது. உடைக்காத காயாக நிழலில் வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். ரொம்பப் பழுக்க விட்டால் காய்க்குள்ளேயே முளைவிட்டுவிடும்.

2. பையும் மண்ணும்

25க்கு 15 சென்டிமீட்டர் பாலிதீன் பை, 150 கேஜ் தடிமன், அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை. நான்கைந்து மாதத்தில் நட்டுவிடப் போகிறீர்கள் என்றால் இது போதும். மழை தள்ளிப் போகலாம், ஆறேழு மாதம் ஆகலாம் என்றால் 30 சென்டிமீட்டர் ஆழப் பை வாங்குங்கள். கோகோவுக்கு ஆணிவேர் உண்டு. பையின் அடியைத் தொட்டதும் அது வளையும், வளைந்த வேர் சுற்ற ஆரம்பிக்கும். ஒருமுறை சுருண்ட ஆணிவேர் நட்ட பிறகு தானாக நிமிர்வதில்லை. என் முதல் கன்றுகள் செத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கலவை: செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழுவுரம், சம பங்கு. கார அமிலத் தன்மை 6.5ஐ ஒட்டி இருந்தால் மிக நல்லது. தொழுவுரம் மக்காமல் சூடாக இருந்தால் போடாதீர்கள், முளை வெந்துவிடும்.

நம் பகுதியில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தென்னை நார்க்கழிவு சல்லிசாகக் கிடைக்கிறது, எல்லோரும் மணலுக்குப் பதில் அதைப் போடுகிறோம். போடலாம், ஆனால் கழுவி மக்கவைத்ததை மட்டும். ஆலையிலிருந்து வரும் பச்சை நார்க்கழிவில் உப்பும் துவர்ப்புப் பொருளும் இருக்கும், மண்ணில் உள்ள தழைச்சத்தையும் அது மக்குவதற்காக இழுத்துக்கொள்ளும். நன்றாக மக்கியதாக இருந்தாலும் கலவையில் கால் பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. அது ஈரத்தை அதிகம் பிடித்துவைப்பதால் மழைக்காலத்தில் வேரழுகலுக்கு வழி செய்கிறது.

பை நிரப்பும்போது வேர் உட்பூசணத்தையும் வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சணமான டிரைக்கோடெர்மாவைக் கொஞ்சமும் சேர்ப்பது என் வழக்கம். உட்பூசணம் வேரோடு கூட்டு வைத்து, வேர் போக முடியாத இடுக்கிலிருந்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) ஈரத்தையும் கொண்டுவருகிறது. இதை விதைக்கும்போதே வேர் தொடும் ஆழத்தில் போட வேண்டும், பிறகு மேலே தூவினால் அவ்வளவு பயன் இல்லை.

3. விதைப்பு

விதையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதையை மரத்தூளிலோ சாம்பலிலோ மணலிலோ புரட்டித் தேய்த்து எடுங்கள். அப்படியே விதைத்தால் எறும்பு கொண்டாடும். விதையின் தடித்த முனை கீழே போகும்படி, அல்லது தெரியாவிட்டால் படுக்கவைத்து, ஒரு விதை ஆழத்துக்கு மேல் போகாமல் ஊன்றுங்கள். தலைகீழாக ஊன்றினால் முளை வரும், ஆனால் கழுத்து வளைந்து நிற்கும்.

ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். புதிய விதை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தேறும். மூன்று வாரம் ஆகியும் எட்டிப் பார்க்காததைக் காத்திருந்து வளர்க்காதீர்கள். பிந்தி முளைத்தது கடைசிவரை பிந்தியே வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

காலம்: மார்கழி, தை. அப்போது விதைத்தால் வைகாசி, ஆனியில் நடவுக்குத் தயார். ஆனால் கன்று பையில் இருக்கும்போதே ஒரு கோடையைக் கடக்கும், அந்தக் கோடையை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அடுத்த மூன்று பகுதிகளும்.

4. நிழல்: எவ்வளவு என்பதைவிட எப்போது எவ்வளவு

நாற்றங்கால் வைப்பவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. கோகோ நிழல் விரும்பி என்று கேள்விப்பட்டு, 75 சதவீத நிழல்வலைக்கு அடியில், அதுவும் தென்னைக்குக் கீழே, கடைசி நாள் வரை வைத்திருக்கிறார்கள். இருட்டில் வளர்ந்த கன்று வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடும், இலை அகலமாகவும் மெல்லியதாகவும் வரும். உணவெல்லாம் தண்டுக்கும் இலைக்கும் போவதால் வேருக்கு மிச்சம் இருக்காது. அப்படிப்பட்ட கன்றைத் தோப்புக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? பெரிய இலைப் பரப்பு வெயிலில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், கீழே சிறிய வேர் ஈடுகொடுக்க முடியாமல் திணறும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே கன்று வாடுவதன் ரகசியம் இதுதான்.

நிழல் போதாவிட்டால் அது வேறு விதம். இலை வெளிறும், பழுப்பாகப் பொத்தல் போலக் கருகும், கொழுந்து விரிவதற்குள் காயும். ஒருமுறை கருகிய இலை திரும்பப் பச்சையாகாது.

நான் செய்வது: முளைத்து இரண்டு மாதம் வரை 75 சதவீத நிழல். அதன்பின் 50 சதவீதம். நடவுக்கு முந்தைய ஒரு மாதம், நடப்போகும் தோப்பில் எவ்வளவு வெயில் விழுகிறதோ அதே அளவு. ஒரே நாளில் வலையை உருவாதீர்கள். முதலில் காலை வெயில், ஒரு வாரம் கழித்து மாலை வெயில், கடைசியில்தான் உச்சி.

பைகளை நெருக்கி அடுக்குவதும் நிழல்தான், இதைப் பலர் நினைப்பதில்லை. பக்கத்துக் கன்றின் இலை மேலே படர ஆரம்பித்ததும் பைகளைத் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை பையைத் தூக்கி இடம் மாற்றினால், ஓட்டை வழியாகத் தரைக்குள் இறங்கிய வேர் அறுபட்டு, பைக்குள் புது வேர் விடும். நடவு நாளில் திடீரென்று அறுப்பதைவிட இது மேல்.

5. தண்ணீர்

அதிகத் தண்ணீரும் கன்றைக் கொல்லும், குறைவும் கொல்லும். இரண்டிலும் கன்று ஒரே மாதிரி வாடி நிற்பதுதான் தொல்லை. வாடியதும் தண்ணீர் ஊற்றும் கை முதலில் பையைத் தூக்கிப் பார்க்கட்டும். கனமாக இருந்து கன்று வாடினால் வேர் மூச்சுவிட முடியாமல் இருக்கிறது, ஊற்றாதீர்கள். லேசாக இருந்தால் ஊற்றுங்கள். நீர் தேங்கிய பையில் நிற்கும் கன்றின் தண்டு அடியில் சின்னச் சின்ன வெண்புடைப்புகள் தெரியும். காற்றுக்காகச் செடி திறந்துகொண்ட ஜன்னல்கள் அவை. அதைப் பார்த்ததும் வடிகால் ஓட்டையைச் சோதியுங்கள்.

சாதாரண நாளில் பைக்கு ஒரு டம்ளர், காலையில். அடியில் இரண்டு சொட்டு கசிந்ததும் நிறுத்தலாம். கோடை உச்சத்தில் மாலையிலும் கொஞ்சம். கோடையில் நாற்றங்கால் தரையிலும் நடைபாதையிலும் தண்ணீர் தெளித்து வையுங்கள், காற்று வறட்சி குறையும். கோகோ மண் வறட்சிக்கு மட்டுமல்ல, காற்று வறட்சிக்கும் அஞ்சும் செடி. மண் நனைந்திருந்தாலும் காற்று உலர்ந்திருந்தால் இலைத்துளையை மூடிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிடும்.

இனி உப்பு. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வளர்த்த கன்றுகளில், முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் காய்ந்த காகிதம் போல ஆவதைப் பார்க்கலாம். நோய் என்று மருந்து அடிப்பார்கள். அது பையில் சேர்ந்த உப்பு. பை சிறியது, தினமும் ஊற்றுகிறோம், தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். உப்பு என்று தெரிந்தால் நாற்றங்காலுக்கு மட்டுமாவது கிணற்று நீரோ, பிடித்துவைத்த மழை நீரோ பயன்படுத்துங்கள். வேறு வழியே இல்லை என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடியில் நன்றாக வழியும்படி ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். அதற்கு வடிகால் நன்றாக இருக்க வேண்டும்.

6. உரம்

முளைத்து முதல் இலைத் தொகுதி முற்றும் வரை விதையிலையே சாப்பாடு போடும். அதுவரை எந்த உரமும் வேண்டாம். அதன்பின் மக்கிய தொழுவுரக் கலவையே பெரும்பாலும் போதும். வெளிறித் தெரிந்தால் தழை, மணி, சாம்பல் மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம்.

யூரியாவில் கை வைக்காதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை வேகமாக, மெல்லிதாக, சாறு நிறைந்து வரும். அசுவினிக்கும் பூஞ்சணத்துக்கும் அது விருந்து. தாங்கும் திறனுக்கு வேண்டியது சாம்பல் சத்து. இலைத்துளையைத் திறப்பதும் மூடுவதும் பொட்டாசியத்தின் வேலை. அது போதுமான அளவு இருக்கும் கன்று தண்ணீர் குறைந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும், செல்லுக்குள் நீரையும் இறுக்கிப் பிடிக்கும். கடைசி ஒரு மாதத்தில் தழைச்சத்தை நிறுத்திவிட்டு, சல்பேட் ஆஃப் பொட்டாஷை லிட்டருக்கு 5 கிராம் என்ற அளவில் இரண்டு முறை தெளிக்கிறேன். குளோரைடு வடிவப் பொட்டாஷ் நாற்றங்கால் பைக்கு வேண்டாம், ஏற்கெனவே உப்புச் சிக்கல் இருக்கிறது.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் ஒரு குறை அடிக்கடி வரும்: கொழுந்து இலை குறுகி, அரிவாள் போல வளைந்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். துத்தநாகக் குறை அது. துத்தநாகத்தைக் குறைந்த அளவில் தெளிக்க வேண்டும். முதலில் பத்துக் கன்றில் அடித்துப் பார்த்து, இலை கருகவில்லை என்றால் மற்றவற்றுக்கு அடியுங்கள்.

7. நோயும் பூச்சியும்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னவை சரியாக இருந்தால் இதில் பாதி வராது. மழைக்காலத்தில் நுனியோ இலைக்காம்போ தண்ணீரில் ஊறியது போலக் கறுத்துக் கீழ்நோக்கிக் காய்ந்தால் அது பைட்டோப்தோரா. காயில் கரும்புள்ளி அழுகல் செய்வதும் இதே கிருமிதான். பாதித்ததை எடுத்து எரித்துவிட்டு, நெருக்கத்தைக் குறைத்து, ஒரு சதவீத போர்டோ கலவை அடியுங்கள்: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். பளபளப்பான கத்தியை முக்கிப் பாருங்கள், செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு தேவை.

கொழுந்தில் அசுவினியும் மாவுப்பூச்சியும் வரும். எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆரம்பத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். இரவில் இலையைப் பொத்தலாக்கும் வண்டுக்கு டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதே நல்ல மருந்து.

2016இலிருந்து நம் தென்னையில் இருக்கும் சுருள் வெள்ளை ஈயையும் கணக்கில் எடுங்கள். மேலேயிருந்து சொட்டும் தேன்போன்ற கழிவு கோகோ இலையில் படிந்து, அதன்மேல் கரும்படலம் வளரும். அந்தப் படலம் இலைக்குப் போர்த்திய இன்னொரு நிழல்வலை. நாற்றங்காலைப் பாதித்த தென்னைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். படிந்துவிட்டால் தண்ணீரை விசையாக அடித்துக் கழுவுங்கள், கஞ்சி தெளித்தால் காய்ந்து உரிந்து வரும்.

8. கன்று பார்த்து வாங்குவது

நாற்றங்கால் வைக்க நேரமில்லை, வாங்கத்தான் போகிறேன் என்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். நான்கிலிருந்து ஆறு மாத வயது, 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரம். அதற்கு மேல் உயரமாக இருந்தால் வயது கூடுதல், அல்லது நிழல் கூடுதல். தண்டின் அடி பென்சில் தடிமனாவது வேண்டும். கணுக்கள் நெருக்கமாக, இலை கையில் உரசினால் மொடமொடவென்று இருக்க வேண்டும். சிவந்த கொழுந்தோடு நிற்கும் கன்று பார்க்க அழகு, நடுவதற்கு ஆகாது. கொழுந்து முற்றிய கன்றைத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். காற்றில் போகும் திறந்த வண்டியில் இளங்கொழுந்து ஊர் வந்து சேர்வதற்குள் கருகிவிடும்.

கடைசியாக ஒன்று. ஐந்நூறு கன்று வாங்குகிறவர் ஒரு கன்றுக்குக் காசு கொடுத்து, அங்கேயே பையைக் கிழித்து, வாளித் தண்ணீரில் வேரைக் கழுவிப் பாருங்கள். ஆணிவேர் நேராக இருக்கிறதா, வெண்ணிறச் சல்லிவேர் நிறைய இருக்கிறதா, மண் துர்நாற்றம் இல்லாமல் இருக்கிறதா? நாற்றங்கால்காரர் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒட்டுக்கன்று வாங்கலாமா என்று கேட்பார்கள். தாய் மரத்தின் குணம் மாறாமல் வரும் என்பது பெரிய லாபம், விலை கூடுதல். ஆனால் அடியில் இருப்பது விதைக் கன்றின் வேர்தான், ஆகவே வேரைப் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

9. நடவு

முதலில் தென்னையின் வயது. 8 வயதிலிருந்து 25 வயது வரையுள்ள தென்னை நிழல் மிக அடர்த்தி, கீழே கோகோ இருட்டில் நிற்கும். 25 வயதைத் தாண்டிய தோப்புதான் பொருத்தம். தென்னை 7.5 மீட்டர் இடைவெளியில் இருந்தால், இரண்டு வரிசைக்கு நட்ட நடுவே ஒரு வரிசை கோகோ, கன்றுக்குக் கன்று 3 மீட்டர். தென்னையின் வேர் பெரும்பாலும் தன் அடியிலிருந்து 2 மீட்டருக்குள் இருக்கும், அதை விட்டுத் தள்ளியே நிற்க வேண்டும்.

எப்போது நடுவது? ஆனியில் நட்டால் கோடைக்கு முன் எட்டு ஒன்பது மாதம் கிடைக்கும், வேர் இறங்கிவிடும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் கோகோ இலை என்ன ஆகும்? ஐப்பசியில் நட்டால் காற்று இல்லை, மழை உண்டு, ஆனால் நான்கைந்து மாதத்தில் கோடை. நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு ஆனிக்கே வந்துவிட்டேன். மேற்குப் பக்கம் தென்னை ஓலைத் தட்டி வைத்தால் காற்றைச் சமாளிக்கலாம். வேர் இறங்காத கன்றோடு கோடையைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். மேற்கு வேலி ஓரத்தில் காற்றுத் தடுப்பு மரமே இல்லாத தோப்பு என்றால் புரட்டாசி வரை பொறுத்திருங்கள்.

குழி அரை மீட்டர் நீள, அகல, ஆழம். ஒரு மாதம் முன்பே எடுத்து ஆறப் போட்டு, மேல்மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்புங்கள். அடியில் தேங்காய் உரிமட்டையைக் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி ஒரு அடுக்கு புதைத்தால் மழைநீரைப் பிடித்துவைக்கும். பையின் அடியை இரண்டு விரல் அளவு அறுத்து, சுருண்ட வேர்நுனியைக் கூரான கத்தியால் வெட்டிவிட்டு, பக்கத்தைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும். கழுத்தைப் புதைத்தால் அழுகும். மாலையில் நடுங்கள், ஒரு குச்சி கட்டுங்கள், அன்றே தண்ணீர்.

10. முதல் வருடமும் முதல் கோடையும்

நட்ட ஒரு மாதத்தில் கன்று கொஞ்சம் இலை உதிர்க்கலாம், பயப்பட வேண்டாம். புதுக் கொழுந்து வந்து முற்றிய பின் முதல் உரம். வளர்ந்த மரத்துக்கு வருடத்துக்குத் தழை 100, மணி 40, சாம்பல் 140 கிராம் என்பது பரிந்துரை. முதல் வருடத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதாவது யூரியா 70 கிராம், சூப்பர் பாஸ்பேட் 80, பொட்டாஷ் 75 முதல் 80 கிராம் வரை, இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து. கடைசித் தவணையில், மார்கழியில், யூரியா இல்லாமல் பொட்டாஷ் மட்டும் போடுகிறேன். கோடைக்கு முன் கொழுந்து தள்ளும் கன்று எனக்கு வேண்டாம்.

தை முடிவதற்குள் மூடாக்கு. காய்ந்த ஓலை, சருகு, கோகோவின் சொந்த இலை, எதுவானாலும் ஒரு சாண் கனம். தண்டிலிருந்து அரை அடி தள்ளியே போடுங்கள், ஒட்டிப் போட்டால் கரையான் தண்டுக்கு ஏறும். மூடாக்கு இல்லாத தரையில் நண்பகலில் கையை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாது. கோகோவின் சல்லிவேர் முக்கால்வாசி அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது.

சொட்டு நீர் கோடையில் தினமும் 4, 5 லிட்டர். வளர்ந்த மரத்துக்கு அது 20 லிட்டர் வரை போகும். சொட்டுவானைத் தண்டை ஒட்டியே வைத்திருந்தால் வேர் அங்கேயே குந்திவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சாண் தள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை மூடாக்கை விலக்கி, ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணைப் பிடித்து அமுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் பிதுங்கக் கூடாது. மேற்கு வெயில் நேராக விழும் கன்றுகளுக்கு அந்தப் பக்கம் ஓலை ஒன்றைக் குத்தி வைத்தால் போதும், முழுக் கூடாரம் கட்ட வேண்டாம்.

மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்கினால் பதற வேண்டாம். மறுநாள் காலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் கன்று கஷ்டப்படுகிறது. தோப்புக்குள் போகும் நேரத்தைக் கோடையில் விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், உண்மை நிலவரம் அப்போதுதான் தெரியும்.

கோடை மழை விழுந்ததும் நின்றிருந்த கன்றெல்லாம் ஒரே நேரத்தில் சிவந்த கொழுந்து தள்ளும். அடுத்த சில மாதங்களில் நேராகப் போன தண்டு நான்கடி ஐந்தடி உயரத்தில் நின்று, குடைக்கம்பி போல மூன்று முதல் ஐந்து கிளைகளை விரிக்கும். இடுப்புயரத்துக்குக் கீழேயே விரித்தால் அந்தக் கிளைத்தொகுதியை நீக்கி, அடியிலிருந்து வரும் நேர்ப்போத்து ஒன்றை மட்டும் மேலே விடுங்கள். மற்றபடி கத்தியை எடுக்க இன்னும் நாள் இருக்கிறது.